ரசீது இல்லாத தொகை

மாமாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது அந்துருண்டை வாசம். துணிகளுக்கு அடியில் ஒரு பழைய பாஸ்போர்ட், அதற்குள் நாலாக மடித்த ஓர் அடகுச் சீட்டு. 1985ஆம் வருடத் தேதி. 'ரெட்டை வடச் சங்கிலி 1, தோடு ஜோடி 1' என்று ஊதா மையில் எழுதியிருக்கும். கத்தாருக்கு வேலைக்குப் போக மாமா கொட்டிக் கொடுத்த பணத்துக்கு உலகத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி இந்தச் சீட்டுதான். ஏஜென்ட் வாங்கியதற்கு ரசீது இல்லை. கடையில் வைத்ததற்கு மட்டும் இருக்கிறது.

போன வருடம் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்கா மகன் தன் போனை நீட்டினான். அவனும் கத்தாருக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனுடைய காகிதங்கள் எல்லாம் போனுக்குள் இருந்தன: பாஸ்போர்ட் பக்கம், விசா, ஒப்பந்தம், இன்சூரன்ஸ், குடிபெயர்வு அனுமதி, நகைக்கடன் விவரம். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பாதிக்கு மேல் மூலையில் கியூஆர் கோடு. மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏஜென்ட்டுக்குக் கொடுத்ததுக்கு எது?"

"அது பாதிக்குத்தான் இருக்கு தாத்தா" என்றான் அவன்.

இருவருக்கும் நடுவே நாற்பது வருடம். வெளிநாட்டில் சில காலம் உழைத்துவிட்டு வர ஒருவனுக்குக் கிடைக்கும் அனுமதி இந்த நாற்பது வருடத்தில் எவ்வளவு மாறியது, எங்கே மாறாமல் நிற்கிறது என்பதை அந்த 'பாதி' என்ற ஒரு சொல்லிலிருந்தே பிடித்துவிடலாம்.

ஹஜ்ரத் படித்த விசா

பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே கடலோர முஸ்லிம் ஊர்களில் வெளிநாட்டுப் பிழைப்பு புதிதல்ல. கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போகிறவரைச் 'சபுராளி' என்பார்கள். ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று தலைமுறை தலைமுறையாகப் போய்வந்தவர்கள். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் கட்டடங்கள் எழத் தொடங்கியதும் பாதை அந்தப் பக்கம் திரும்பியது. எங்களைப் போன்ற உள்ளடங்கிய விவசாயக் கிராமங்களுக்கு அந்தப் பாதையைக் காட்டியவர்களும் அவர்கள்தான். கடைத்தெருவில் யாராவது ஒருவர், "கையில ரெண்டு விசா இருக்கு" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று குடும்பத்தின் நகை நகரும்.

மாமா அப்போது கொத்தனார், வயது 27. கடைத்தெருக்காரர் சொன்ன ஏஜென்ட் பம்பாயில் இருந்தார். வளைகுடாவுக்கு ஆள் எடுப்பதன் தலைமையிடம் அன்றைக்குப் பம்பாய்தான். மாமா ரயிலேறிப் போய் இரண்டு மாதம் அங்கே காத்துக் கிடந்தார். ஒரே அறையில் இருபது பேர். படுக்கவும் முறை உண்டு. ராத்திரி படுத்தவன் காலையில் எழுந்தால்தான் அடுத்தவன் முதுகைச் சாய்க்க முடியும். ஒருநாள் 'டிரேட் டெஸ்ட்' என்று ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போய் இடுப்பளவு சுவர் ஒன்றைக் கட்டச் சொன்னார்கள். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். மாமா கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் அந்தச் சுவரை இடித்து, அதே செங்கல்லை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டார்களாம். வெளிநாட்டு வேலை என்றால் என்னவென்று அப்போதே புரிந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்லிச் சிரிப்பார்.

பணம் புரட்ட ஊருக்கு வந்தபோது ஏஜென்ட் கையில் கொடுத்தனுப்பிய விசா நகல் முழுக்க முழுக்க அரபியில் இருந்தது. எங்கள் வீட்டில் தமிழைத் தவிர ஓர் எழுத்து தெரிந்தவர் கிடையாது. மாமா அதை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வலமிருந்து இடமாக நகர்த்திப் படித்தார்.

"உன் பேரு இருக்கு தம்பி. தகப்பனார் பேரும் இருக்கு. ஆனா கட்டட வேலைன்னு இல்லையே. மஜ்ரான்னு போட்டிருக்கு. மஜ்ரான்னா தோட்டம்."

பதறிப்போய் மாமா டிரங்க் கால் போட்டு பம்பாய்க்குப் பேசினார். ஏஜென்ட் அசரவில்லை. "விசாவுல அதெல்லாம் அப்படித்தாம்ப்பா இருக்கும். அங்க போய் இறங்கினா கரணைதான் கையில."

அத்தையின் நகை ஏற்கெனவே அடகுக்கடையில் இருந்தது. பணம் கைமாறியிருந்தது. மாமா போனார்.

இந்திய அரசு இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1922ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டத்தை மாற்றி 1983ல் புதுச் சட்டம் வந்தது. படிப்புக் குறைந்தவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் ஒப்பந்தத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அப்படிச் சரிபார்க்கப்பட வேண்டியவரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை. சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலை. எங்கள் பக்கத்தில் அது பாஸ்போர்ட்டில் விழும் குத்து. ஒப்புதல் வாங்குவதை 'எமிகிரேஷன் அடிக்கிறது' என்பார்கள்.

சட்டத்தின் நோக்கம் காப்பது. நடந்தது வேறு. அந்த அலுவலகத்துக்கு மாமா போகவே இல்லை. பாஸ்போர்ட்டை ஏஜென்ட் வாங்கிப் போனார், 'அடித்து' வந்தது. யாரைக் காப்பதற்காக அந்த முத்திரையோ, அவர் அந்த அலுவலகத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அவர் பேரில் என்ன ஒப்பந்தம் அங்கே காட்டப்பட்டது என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

தோஹாவில் இறங்கியதும் கபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், ஆள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டான். ஹஜ்ரத் படித்ததுதான் சரி. நகருக்கு வெளியே ஒரு மஜ்ராவில் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சினார், ஆடு பார்த்தார். கரணையைத் தொடவில்லை. வேறு இடத்தில் வேலை தேட கபீலின் சம்மதக் கடிதம் வேண்டும். ஊருக்கு வரவும் அவர் கையெழுத்துப் போட்ட வெளியேறும் அனுமதி வேண்டும். அதற்கு 'குரூஜ்' என்று பெயர். இரண்டு வருடத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவர் நாலாவது வருடம் வந்தார். ஒரு ரியால் மூன்று ரூபாய் சொச்சம் பெற்ற காலம். சங்கிலி மீண்டது. தோடு மூழ்கிப்போனது.

கழுத்தில் தொங்கிய தகரம்

மாமாவுக்கு நடந்தது வளைகுடாவின் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. தமிழ்நாட்டுக்காரன் கடல் தாண்டிக் கூலிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்தே, அனுமதியும் கடனும் ஒரே தாளின் இரண்டு பக்கங்களாகத்தான் இருந்திருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் அனுமதிச் சீட்டு காகிதமாகக்கூட இல்லை. எண் குத்திய தகர வில்லை. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மண்டபம் வழியாகப் போனார்கள். அந்தத் தகரத்தைக் காட்டினால் வழியில் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். கேட்பது பிறகு. ரயில், படகு, சாப்பாட்டுச் செலவெல்லாம் தோட்டத்துக் கணக்கில் ஏறி, அங்கிருந்து கங்காணி கணக்குக்கு இறங்கி, கடைசியில் கூலியின் தலையில் உட்காரும்.

அதைவிடக் கூர்மையானது 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்: இந்த ஆட்கள் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று. புதுத் தோட்டம் கட்டும். கடன் அங்கே தொடரும். ஆள் மாறுவான், முதலாளி மாறுவார், கடன் மட்டும் கூடவே நடந்து வரும். 1921ல் இலங்கை அரசு துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது.

இன்னொரு முதலாளியிடம் போகப் பழைய முதலாளியின் கடிதம் வேண்டும் என்ற விதியைக் கத்தார் நீக்கியது 2020ல். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே தொண்ணூற்றொன்பது வருடம். நம் ஆட்களின் கழுத்தைப் பிடித்திருந்த ஒரே கயிறு, இரண்டு கடற்கரைகளில், ஒரு நூற்றாண்டு இடைவெளியில் அறுந்திருக்கிறது.

போனுக்குள் வந்த அலுவலகம்

அது தானாக அறுந்ததல்ல. உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தும் வாய்ப்பு 2010ல் கத்தாருக்குக் கிடைத்தது. மைதானம் கட்டும் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று உலகமே எட்டிப் பார்க்கத் தொடங்கியது. தொழிற்சங்கங்கள் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் முறையிட்டன. 2018ல் அந்த அமைப்பு தோஹாவிலேயே அலுவலகம் திறந்தது. அதே வருடம் பெரும்பாலான தொழிலாளர்களுக்கும், 2020 ஜனவரியில் வீட்டு வேலை செய்பவர்கள் உள்ளிட்ட மற்றவர்களுக்கும் 'குரூஜ்' கட்டாயம் போனது. 2021 மார்ச் முதல் எந்த நாட்டுக்காரருக்கும் பொதுவாகக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். முதலாளி தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 சேர்த்துத் தர வேண்டும்.

இந்தப் பக்கத்திலும் நகர்வு இருந்தது. 2015 வாக்கில் 'இ-மைக்ரேட்' என்ற இணையதளம் நடைமுறைக்கு வந்தது. அழைக்கும் நிறுவனம், பதிவு பெற்ற ஏஜென்ட், பாதுகாவலர் அலுவலகம் எல்லாம் ஒரே கம்பியில். ஏஜென்ட்டின் பதிவு எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும். ஆக 35,400. ரசீது கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்ச ரூபாய் காப்பீடு.

அக்கா மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவன். பத்தாவது தேறியிருந்தால் ஈ.சி.ஆர். கிடையாது, தேறாததால் உண்டு. அப்பன் தொழிலான கொத்து வேலைதான் கைவந்தது. சிங்கப்பூர் போயிருந்தால் இந்த முத்திரைக்கு வேலை இல்லை. சோதனை தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை, கத்தார் இருக்கிறது. இ-மைக்ரேட்டில் சென்னைக் கம்பெனியின் பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்து, உயிரோடு இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். மாமா தன் ஏஜென்ட்டின் முழுப் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

பெரிய மாற்றம் சென்னையில் நடந்தது. முன்பெல்லாம் தோஹாவில் இறங்கிய பிறகு மருத்துவச் சோதனை. நெஞ்சில் பழைய தழும்பு தெரிந்தால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். கடன் மட்டும் திரும்பாது. 2019 முதல் சென்னை, கொச்சி உட்பட இந்தியாவின் ஏழு நகரங்களில் கத்தார் விசா மையங்கள் வந்துவிட்டன. கைரேகை, கண் பதிவு, எக்ஸ்ரே, ரத்தச் சோதனை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் புறப்படும் முன்பே, ஒரே கூரையின் கீழ். கட்டணம் அழைக்கும் நிறுவனத்தின் கணக்கு.

அந்த மையத்தில் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு பெண் ஊழியர் ஒப்பந்தத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லியிருக்கிறார். வேலை: கொத்தனார். அடிப்படைச் சம்பளம் 1,100 ரியால். சாப்பாட்டுக்கு 300. தங்குமிடம் கம்பெனி.

இவன் இடைமறித்திருக்கிறான். "1,800ன்னு சொன்னாங்களே மேடம்?"

"இதுல இருக்கறதுதாங்க கணக்கு. சம்மதம் இல்லைன்னா கையெழுத்து போட வேண்டாம். கட்டாயம் இல்லை."

இந்த இடத்தைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாமாவிடம் யாரும் சொல்லாத வாக்கியம் அது. ஹஜ்ரத்தால் படித்துச் சொல்லத்தான் முடிந்தது. இங்கே மறுக்கும் உரிமையும் சேர்த்துக் கிடைக்கிறது.

இவன் அவரிடம் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தான். ஊர் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டான். திரும்ப உள்ளே போனான். கையெழுத்துப் போட்டான்.

பாதி ரசீது

ஏன் போட்டான்? அதற்குப் பதில் அந்த மையத்துக்குள் இல்லை. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருக்கிறது.

சென்னைக் கம்பெனி பதிவு பெற்றது. ஆனால் சென்னைக் கம்பெனி எங்கள் ஊருக்கு வராது. நடுவில் ஒருவர் உண்டு. இவர் இ-மைக்ரேட்டில் இல்லை; சட்டத்துக்கு இப்படி ஒருவரைத் தெரியவே தெரியாது. ஊருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு மொய் எழுதுவார், சாவுக்கு மாலை போடுவார். அவர் கேட்டது ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

இவன் நேராகவே கேட்டான். "அண்ணே, கவர்மென்ட் ரேட் முப்பத்தஞ்சாயிரத்து நானூறுதானே?"

"அது ஆபீஸ் ரேட்டு தம்பி. விசா எடுக்கறவன் சும்மா கொடுப்பானா?"

"சரிண்ணே. ஜீபே பண்ணிடட்டுமா?"

"ஐயோ, அதெல்லாம் வேணாம். கேஷா கொடு."

பேரம் மூன்று நாள் நடந்தது. நகைக்கடன் பணம் பேங்கில் கணக்கில்தான் ஏறியிருக்கிறது, சென்னைக் கம்பெனி கணக்குக்கே போட்டு ரசீது வாங்கிக்கொள்கிறேன் என்று இவன் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் 35,400 ரூபாய் கம்பெனிக்குப் போனது, ரசீதோடு. கடைத்தெருக்காரருக்கு நாற்பதாயிரம், கவரில். மொத்தம் 75,400. கேட்டதை விட முப்பத்துநாலாயிரத்துச் சொச்சம் குறைவு. சட்டம் சொன்னதை விட நாற்பதாயிரம் அதிகம். கத்தார் சட்டமோ ஆள் எடுப்பதற்குத் தொழிலாளியிடம் ஒரு காசுகூட வாங்கக் கூடாது என்று 2004லேயே சொல்லிவிட்டது.

ஆக, விசா மையத்துக்குள் அவன் நுழைந்தபோதே நாற்பதாயிரம் திரும்பாது என்பது தெரியும். அக்காவின் வளையல் நாலும் பேங்க் லாக்கரில். 'கட்டாயம் இல்லை' என்று அந்தப் பெண் சொன்னது நிஜம். ஆனால் கட்டாயம் சென்னைக்கு வரும் முன்பே பட்டுக்கோட்டையில் முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டது அவன் கை. போட வைத்தது கவர்.

கணக்குப் போட்டுப் பார்த்த அக்காவுக்கு மனசே ஆறவில்லை. ரியால் அப்போது 23 ரூபாயை ஒட்டி நின்றது. 1,100 ரியால் என்றால் மாதம் 25,000 சொச்சம். "இங்கயே கொத்தனாருக்கு நாளுக்கு ஆயிரம் வருதே" என்றாள். வருகிறதுதான். மழைக்காலத்தில் வராது, மணல் கிடைக்காத மாதம் வராது, வந்த அன்றைக்கே செலவாகும். மாமா போன காலத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இன்று அந்தத் தூரம் சுருங்கிவிட்டது. செலவு மட்டும் சுருங்கவில்லை.

இன்னொன்றும் தலைகீழாகிவிட்டது. 1983 சட்டம் படிக்காதவன் ஏமாறுவான், படித்தவன் தன்னைக் காத்துக்கொள்வான் என்று கோடு கிழித்தது. 2022ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிச் சுற்றுலா விசாவில் பறந்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டவர்களில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் இருந்தார்கள். அவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். இல்லை. யாரும் ஒப்பந்தத்தைக் கேட்கவில்லை. கணக்கில் தவறிய எங்கள் பையனுக்கு அரசு ஒரு வலை விரித்தது. இன்ஜினீயரிங் முடித்தவனுக்கு வெறும் வானம்தான்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பாஸ்போர்ட் உன் கையிலயே இருக்குமா என்று கேட்டார். இருக்கும், அவன் வாங்கி வைத்தால் குற்றம் என்றான். பிடிக்கலைன்னா வேற கம்பெனி மாறலாமா? நோட்டீஸ் கொடுத்துட்டு மாறலாம். ஊருக்கு வர யாரு கையெழுத்து? யாரும் வேண்டாம். ஒவ்வொரு பதிலுக்கும் மாமா 'ம்' கொட்டினார். தாம் இழந்த ஒவ்வொரு நாளையும் அந்த 'ம்'மில் கழித்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

பிறகு விட்ட இடத்துக்கு வந்தார்.

"அந்த நாப்பதாயிரத்துக்கு என்ன இருக்கு?"

"பேசினது ரெக்கார்டு இருக்கு தாத்தா. அவர் பேசறப்பல்லாம் போட்டு வெச்சிருக்கேன்."

"எங்க, போட்டுக் காட்டு."

அவன் விசா மையத்து வாசலில் நின்று பேசியதைப் போட்டான். பின்னால் பஸ் ஹாரன். இவன் குரல், "அண்ணே, ஆயிரத்து நூறுதான் போட்டிருக்கு." ஒரு நொடி அமைதி. பிறகு அந்தப் பக்கத்துக் குரல், கொஞ்சமும் அசராமல்: "ஒப்பந்தத்துல அதெல்லாம் அப்படித்தாம்ப்பா இருக்கும். அங்க போனா ஓவர்டைம் சேர்த்து வந்துரும்."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு, எழுந்து போய் முற்றத்தில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார்.

"இவன் பம்பாய்க்காரன் இல்லியே?" என்றார்.